அட்டையில் இருக்கும் பயிற்சி ஜாப் கார்டுக்கு வருவது எப்படி?

கேள்வி இதுதான். நாகர்கோவிலில் ஒரு வாகன ஷோரூம், கூடவே சர்வீஸ் சென்டர், மொத்தம் 45 பேர். கன்னியாகுமரியில் ஹோட்டல் எடுத்து இரண்டு நாள் பயிற்சி நடந்தது. யார் எப்படிப் பேசுகிறவர், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அவரவர் சுபாவம் இன்னது என்று காட்ட ஆளுக்கொரு நிற அட்டையும் கொடுத்தார்கள். ஒரு வாரம் எல்லாரும் அதே பேச்சு. மூன்றாவது வாரம் பழையபடி, கஸ்டமரிடம் குறை கேட்டு எழுதுகிற சர்வீஸ் அட்வைசரும் மெக்கானிக்கும் ஒருத்தர் மேல் ஒருத்தர் பாய்கிறார்கள். மறுபடி ஒரு நாள் ரிஃப்ரெஷர் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. அந்தப் பணத்துக்கு எல்லாருக்கும் ஒரு மாதம் டீயும் ரசவடையும் வாங்கிக் கொடுங்கள், அதிலாவது பேச்சு வரும். நான் முதலில் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், சூப்பர்வைசராகவும், அப்புறம் தக்கலைக்கு மேற்கே ஒரு ஆஸ்பத்திரியில் நிர்வாகத்திலும் இருந்தவன். இரண்டு இடத்திலும் இந்த மாதிரி பயிற்சி வந்து போனதைப் பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டை நானே ஏற்பாடு செய்து வீணாக்கியும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில், மூன்று வாரத்தில் மறந்துபோனது உங்கள் ஆட்களுடைய குற்றம் இல்லை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885இலேயே இதை எழுதிவிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தன்னையே வைத்துச் சோதித்தார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, அதற்குப் பிறகு இறக்கம் மெதுவானது. அவருடைய சதவீதத்தை அப்படியே உங்கள் ஆபீஸுக்குப் போட முடியாது, அவர் படித்தது வெறும் அசை, உங்கள் ஆட்கள் கேட்டது அர்த்தமுள்ள பேச்சு. ஆனால் படித்த உடனே பயன்படுத்தாதது உடனே போகும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. உங்கள் ஆட்கள் கடலைப் பார்த்துக்கொண்டு ஏசி ஹாலில் கற்றதை, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் 12 வண்டி நிற்கும்போது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் யாருக்கும் நிறம் ஞாபகம் வராது. வாய்க்கு என்ன பழகியிருக்கிறதோ அதுதான் வரும்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் பயிற்சியை ஆட்களின் தலையில் ஏற்றப் பார்க்காதீர்கள். தினமும் கட்டாயம் கைபடுகிற ஒரு காகிதத்தில், ஒரு மேசையில், ஒரு நேரத்தில் ஏற்றுங்கள். தலைக்கு மறக்கும், காகிதத்துக்கு மறக்காது.

அதற்கு முன்னால் அந்த நிற அட்டைகளைப் பற்றி. உங்களுக்குக் கொடுத்தது அநேகமாக டிஸ்க் (DISC) என்ற, ஆட்களை நாலு சுபாவமாகப் பிரிக்கும் முறையின் ஒரு வடிவமாக இருக்கும். அதன் வேர் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல் எழுதிய புத்தகம். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சி செய்த ஆள் அவர். மனிதர்கள் சூழ்நிலைக்கு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நாலு விதமாகப் பிரித்தாரே தவிர, கேள்வித்தாள் எதையும் அவர் தயாரிக்கவில்லை. அது பின்னால் மற்றவர்கள் செய்தது. ஆக, அட்டையில் இருப்பது ஜாதகம் அல்ல, அன்றைக்கு அந்த ஹாலில் அவர் டிக் அடித்த பதில்களின் கூட்டல். 'எனக்கு இப்படிச் சொன்னால் புரியும், உனக்கு எப்படி?' என்று இரண்டு பேர் பேச ஆரம்பிக்க அது உதவும், அதற்கு நல்லது. ஆனால் 'அவன் சிவப்பு, அப்படித்தான் கத்துவான்' என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்த அன்றைக்கே அட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நம் மாவட்டத்தில் லேபிளுக்கா பஞ்சம்? எந்த ஊர், கடற்கரையா உள்நாடா, எந்தச் சர்ச், எந்தக் கோயில், விளவங்கோட்டுப் பேச்சா நாஞ்சில் நாட்டுப் பேச்சா என்று வாயைத் திறந்த உடனே கண்டுபிடித்து ஒரு பெட்டியில் போட்டுவிடுவோம். அதற்கு மேல் நாலு நிறமும் எதற்கு?

இன்னொன்று. பேச்சில் 93 சதவீதம் வார்த்தையே இல்லை, உடல்மொழியும் குரலும்தான் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மெராபியன் என்பவர் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒருவர் சொல்லும் வார்த்தையும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது, அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அங்கே விஷயம். எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்தக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'பிரேக் ஆயில் மாத்தணும்' என்பதில் 93 சதவீதம் முகபாவத்தில் இருந்தால் அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன்.

சரி, காகிதத்தில் ஏற்றுவது என்றால் என்ன? ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிப்ட் மாறும்போது ஒரு சிஸ்டர் அடுத்த சிஸ்டரிடம் 'பத்தாம் நம்பர் பெட்ட கொஞ்சம் பாத்துக்கிடு' என்று சொல்லிவிட்டுப் போவார். எதைப் பார்க்க? காய்ச்சலையா, டிரிப்ஸையா, கூட இருக்கிற சொந்தக்காரரின் சண்டையையா? வந்தவருக்குத் தெரியாது, ஆனால் 'செரி' என்று சொல்லியிருப்பார். நாங்கள் இதற்காக ஒருநாள் பயிற்சி வைத்தோம், கைதட்டினார்கள், ஒன்றும் மாறவில்லை. பிறகு வயதான நர்சிங் சூப்பரின்டெண்ட் ஒருவர் பயிற்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹேண்டோவர் நோட்டில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார். இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும். இதற்கு எஸ்பார் (SBAR) என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த வழக்கம், பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது, இன்று உலகம் முழுக்க நர்சிங் மாணவிகள் படிக்கிறார்கள். எங்கள் சிஸ்டர்களும் கல்லூரியில் படித்ததுதான். படித்தது எங்கேயோ கிடந்தது, கட்டம் போட்ட பிறகுதான் கைக்கு வந்தது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மூன்றாவது கட்டம், 'நான் என்ன நினைக்கிறேன்'. இருபத்திரண்டு வயது சிஸ்டர் ஒருத்தி ராத்திரி ரெண்டு மணிக்குப் பெரிய டாக்டரை எழுப்பி 'சார், எனக்கு இது சரியாப் படல, நீங்க வந்து பாக்கணும்' என்று சொல்வது நம் ஊரில் சின்ன விஷயமா? வாய் வராது. 'சார், பேஷண்ட் கொஞ்சம் அன்ஈசியா இருக்காங்க' என்று இழுப்பாள், டாக்டர் 'பாத்துக்கோ' என்று வைத்துவிடுவார். கட்டம் வந்த பிறகு அவள் அதைப் பார்த்து வாசித்தாள், அவ்வளவுதான். திமிர் பிடித்தவள் என்று யாரும் நினைக்க முடியாது, நோட்டு கேட்கிறது, அவள் பதில் சொல்கிறாள். மரியாதையை விடாமல் நேரடியாகப் பேச ஒரு சாக்கு வேண்டும் நமக்கு. அந்தச் சாக்கைக் காகிதம் கொடுக்கும், பயிற்சியாளரால் கொடுக்க முடியாது.

இது எங்கள் ஆஸ்பத்திரிக் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2008இல் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. டில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7க்கும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கும் குறைந்திருந்தது. ஒரு தாள், அதை எந்த நேரத்தில் யார் சத்தமாக வாசிக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அது இருந்ததால் எல்லாரும் பேசினார்கள்.

இப்போது உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வருவோம். அட்வைசருக்கும் மெக்கானிக்குக்கும் சண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று இரண்டு நாள் நின்று பாருங்கள். நான் பந்தயம் கட்டுவேன், ஜாப் கார்டில்தான், வண்டியின் குறையை எழுதி மெக்கானிக்குக்குக் கொடுக்கிற அந்தச் சீட்டில். அட்வைசர் 'முன்னால சத்தம்' என்று எழுதியிருப்பார். மெக்கானிக் வண்டியை எடுத்து வடசேரி வரை ஓட்டிவிட்டு வந்து 'சத்தமே இல்ல, என்னத்த எழுதி வச்சிருக்காரு' என்பார். அட்வைசர் 'கஸ்டமர் சொன்னதத்தான் எழுதினேன், அதான் சொன்னேம்லா' என்பார். அந்தக் கஸ்டமர் பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் வளைவு திரும்பும்போது மட்டும் சத்தம் வருகிறது என்று சொல்லியிருப்பார், அது கார்டுக்கு வரவே இல்லை. இங்கே யார் சிவப்பு, யார் நீலம் என்பதா பிரச்சினை? கார்டில் குறைக்குக் கீழே மூன்று சின்ன வரி அடித்துவிடுங்கள்: எப்போது வருகிறது, எங்கே வருகிறது, கஸ்டமர் சொன்ன சொல் அப்படியே. மூன்றும் நிரம்பாத கார்டை மெக்கானிக் திருப்பி அனுப்பலாம், அதில் கோபத்துக்கு இடமில்லை. விவரம் வேண்டும் என்று கேட்கிற ஆளுக்கு விவரம் கிடைக்கும், சுருக்கமாகப் பேசும் ஆள் சுருக்கமாகவே எழுதலாம். உங்கள் பயிற்சியில் இரண்டு நாள் சொன்னதன் சாரம் அந்த மூன்று வரியில் வந்துவிடும்.

அடுத்தது, எனக்கு மிகவும் சூடு வாங்கிக் கொடுத்த விஷயம், 'சரி' என்ற சொல். வெளியிலிருந்து வருகிற பயிற்சிகளில் இது வருவதே இல்லை. நம்மிடம் சரி என்றால் குறைந்தது மூன்று அர்த்தம். நீ சொன்னது காதில் விழுந்தது, ஒரு சரி. புரிந்தது, செய்கிறேன், இன்னொரு சரி. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் உன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்ல, அது மூன்றாவது சரி. 'பாக்கலாம்' இதற்குத் தங்கச்சி.

அண்டி ஆபீஸில் ஒரு நாள், கிரேடிங் பகுதியில் இருந்த மூத்த அக்காவிடம், 'எக்கா, இந்த லாட்டுல லேசா செவந்த பருப்பத் தனியா எடுத்துருங்க, புரிஞ்சுதா?' என்று சொன்னேன். 'செரி சாரே' என்றார். அவர்கள் வழக்கமாகவே கருகின பருப்பைத் தனியே எடுப்பார்கள், நான் அதைத்தான் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் சொன்னது அதை விட மெல்லிய நிறமாற்றம், வெள்ளையோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்த பருப்பு. சாயங்காலம் பார்த்தால் டபிள்யூ 320 என்ற முழு வெள்ளைப் பருப்புத் தரமாக டின் அடைத்து அடுக்கியாகிவிட்டது. ஒரு டின் 11.34 கிலோ, உள்ளே ஒரு பவுண்டுக்கு முன்னூறு சொச்சம் பருப்பு. எல்லாவற்றையும் உடைத்துக் கொட்டி மறுபடி பிரிக்க இரண்டு நாள் ஆனது. அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான்தான் இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். தவறு யாருடையது? 'புரிஞ்சுதா?' என்று கேட்டேனே, அந்தக் கேள்வியே தவறு. அதற்கு 'இல்லை' என்று பதில் சொல்லும் பெண்ணை நான் இன்னும் அந்த ஆபீஸில் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு 'புரிஞ்சுதா' என்பதை விட்டுவிட்டு, 'இப்பம் போய் மொதல்ல எதச் செய்வீங்க?' என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் நாள் சிரித்தார். 'என்ன சாரே, பரீட்சையா?' நியாயம்தானே, என்னை விட இருபது வருஷம் மூத்தவர். அதனால் மாற்றினேன்: 'எக்கா, நான் நேத்தும் சொதப்பிட்டேன், சரியாத்தான் சொன்னேனான்னு பாக்கணும், ஒருக்கா திருப்பிச் சொல்லுங்க.' பாரம் என் தலைக்கு வந்துவிட்டது, அவருக்கும் சங்கடமில்லை. ஆஸ்பத்திரிகளிலும் மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்கிற முறை உண்டு, அதே வித்தைதான். உங்கள் அட்வைசர்கள் கஸ்டமரிடமும் செய்யலாம்.

கூடவே ஒரு காகிதத் தட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஏற்கலாம், அந்தப் பக்கம் கூடாது என்று ஐந்தைந்து பருப்பு வைத்து மேசையில் வைத்தோம். எறும்பு விடுமா? வாராவாரம் மாற்ற வேண்டியிருந்தது. எரிச்சலாக இருந்தது, ஆனால் போகப் போகத்தான் தெரிந்தது, அந்த மாற்றுவதுதான் விஷயமே. திங்கட்கிழமை காலை புதுப் பருப்பு வைக்கும்போது 'இது கூடாதுன்னா அது மட்டும் எப்பிடி சாரே ஆகும்?' என்று அக்காமார் வாதம் பண்ணுவார்கள். எந்தப் பயிற்சி ஹாலிலும் வராத பேச்சு அது. லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருந்தால் நாலாம் நாள் அது சுவராகிப் போயிருக்கும்.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. ஒரே ஒரு ஒப்பந்தம் போதும். குரூப்பில் போடும் எதற்கும் முதல் சொல் 'தகவல்', 'வேலை', 'முடிவு' இந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். வேலை என்றால் யாருக்கு, எப்போதைக்குள் என்பதும் அதே வரியில். மூன்று நிமிட வாய்ஸ் நோட் போடுகிறவர் போட்டுக்கொள்ளட்டும், மேலே அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டுப் போடட்டும். பெரும்பாலும் அந்த வாய்ஸ் நோட் போடுகிறவர் முதலாளிதான், அங்கேதான் சிக்கல்.

ஆமாம், முதலாளி. நீங்களோ உங்கள் அண்ணாச்சியோ மூன்று வரி இல்லாத ஜாப் கார்டை 'அவசரம்பா, இதை மட்டும் எடு' என்று ஒரு தடவை உள்ளே தள்ளினால், அன்றோடு முடிந்தது. ஆட்கள் பயிற்சியாளரைப் பார்த்துக் கற்பதில்லை, உங்களைப் பார்த்துக் கற்கிறார்கள். நான் பார்த்ததில் பழக்கம் நிலைத்த இடத்தில் எல்லாம் மேலே இருக்கிறவர் முதலில் தன் மேல் போட்டுக்கொண்டார். அந்த நர்சிங் சூப்பரின்டெண்ட் தன் லீவு விஷயத்தைக்கூட நாலு கட்டமாக எழுதி எனக்கு அனுப்புவார். சிரிப்பு வரும், ஆனால் வார்டில் யாருக்கும் நோட்டைத் தட்டிக்கழிக்கத் தைரியம் வரவில்லை.

ஆட்களிடம் தனித்தனியே ஒன்று கேட்டு வாங்குங்கள், 'இனிமேல் பொறுமையாப் பேசுறேன்' மாதிரி வாக்குறுதி வேண்டாம். 'ஸ்பேர்ஸ் கவுண்டர்ல பார்ட் இல்லன்னு சொன்னா, எப்ப வரும்னு கேட்டு கார்டுல எழுதிட்டுத்தான் திரும்புவேன்' என்பது மாதிரி, இது நடந்தால் அதைச் செய்வேன் என்ற வடிவம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இப்படி நேரத்தோடும் இடத்தோடும் கட்டிய முடிவுகள் வெறும் ஆசையை விட அதிகம் நிறைவேறுகின்றன என்று 1999இல் எழுதினார். ஆளுக்கு ஒன்று போதும். ஐந்து கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு பழக்கம் தன்னால் வருமளவுக்கு ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். அதுவும் தினம் ஒரு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது மாதிரி தனியாளின் பழக்கங்கள், நீங்கள் கேட்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. அதே ஆய்வில் நடுவே ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்றும் தெரிந்தது. அதனால் கோட்டாறு சவேரியார் திருவிழா லீவு, மண்டைக்காட்டுக் கொடை லீவு என்று இடைவெளி வந்தால் பதறாதீர்கள். திரும்பி வந்த முதல் நாள் காலையில் கார்டை மட்டும் நீங்களே போய்ப் பாருங்கள். புதிதாகச் சேரும் பையனுக்கும் அட்டை, நிறம் எதுவும் வேண்டாம். மூன்று வரி எழுதின பழைய கார்டு பத்து கொடுத்து வாசிக்கச் சொன்னால் போதும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, பயிற்சி முடிவில் நிரப்பிய கருத்துப் படிவத்தை எடுக்காதீர்கள். அதில் எல்லாரும் 'மிக நன்று' என்றுதான் போட்டிருப்பார்கள், சாப்பாடு நன்றாக இருந்திருக்கும். வாரத்துக்கு எத்தனை கார்டு விவரம் போதாமல் திரும்பி வருகிறது, எத்தனை வண்டி அதே குறைக்கு மறுபடி வருகிறது, இந்த இரண்டை மட்டும் ஸ்பேர்ஸ் கவுண்டர் பக்கத்துப் போர்டில் சாக்பீஸால் எழுதுங்கள். யார் பெயரும் போடக்கூடாது, பெயர் போட்ட அன்றைக்குக் கார்டைத் திருப்புவதையே நிறுத்திவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் திரும்பும் கார்டு எண்ணிக்கை கூடும். அது நல்ல செய்திதான், இதுவரை வாய்க்குள் முனகினதெல்லாம் இப்போது கார்டில் வருகிறது என்று அர்த்தம்.

வருகிற திங்கட்கிழமை ஜாப் கார்டு அச்சடிக்கக் கொடுப்பதாக இருந்தால் அவசரப்பட்டு ஆயிரம் அடிக்காதீர்கள். முதலில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து பழைய கார்டிலேயே அந்த மூன்று வரியைக் குத்துங்கள். மெக்கானிக்குகள் இரண்டு வாரத்தில் நாலாவதாக ஒரு வரி கேட்பார்கள்.